மீண்டும் ஒரு கதிர்ச்சிகிச்சை: அறிவித்தலும் மறைத்தலும்

ஒரு சிகிச்சையை அளிக்க முடியுமா என்பது மருத்துவ அறிவியலின் வினா. அதனை அளித்தல் தகுமா என்பது அறவியலின் வினா. முள்ளந்தண்டிற் பரவிய புற்றுநோய்க்கு இரண்டாம் முறையாகக் கதிர்ச்சிகிச்சை அளிக்க முற்படுகையில் இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுகின்றன.

திருகோணமலைத் துறைமுகத்தில் நெடுங்காலம் சுமை தூக்கிய முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். முதற் கதிர்ச்சிகிச்சை தணித்த முதுகுவலி சில மாதங்களில் மீண்டுவிட்டது. மறுபடியும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவர் செல்வதாயின், 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தை அம்முதுகு தாங்கல் வேண்டும். இம்முறை நோய் தீர்ந்துவிடும் என அவர் நம்புகின்றார். தீராது என்பதை அறிந்த பிள்ளைகள் அன்பின் காரணமாக அதனை மறைக்கின்றனர். இம்மறைப்பு அறமாகுமா?

இரண்டாம் சிகிச்சையின் நோக்கம் வலியைத் தணித்தலும் நடமாட்டத்தைக் காத்தலுமேயாம். முன்னர் ஏற்ற கதிரின் தாக்கம் முண்ணாணில் முற்றாக அழிவதில்லை. மொத்த அளவு எல்லை கடப்பின் கால்கள் செயலிழக்கவுங்கூடும். என்புகளிற் பரவிய புற்றுநோயின் வலிக்கு மீண்டும் கதிர்ச்சிகிச்சை பெறவிருந்த 850 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. ஒரே தடவையில் 8 கிரே பெறுமாறு வகுக்கப்பட்டோருள் 28 வீதத்தினரும், பல தடவைகளில் 20 கிரே பெறுமாறு வகுக்கப்பட்டோருள் 32 வீதத்தினரும் இரண்டு மாதங்களில் வலி தணியப்பெற்றனர். ஒரே தடவைச் சிகிச்சையிற் பக்கவிளைவுகள் குறைவு. ஆயினும், இரு சாராரிலும் பெரும்பாலானோரிடத்து அப்பயன் பதிவாகவில்லை.

உண்மை நம்பிக்கையைக் குலைக்கும் என்பர் சிலர். அது எளிதிற் புறக்கணிக்கத்தக்க வாதமன்று. எனினும், நோய் தீருமென எண்ணுபவர் எத்துன்பத்தையும் ஏற்பார். வலி தணியக்கூடும் என்பதே பயன் என அறிந்தவரோ, அப்பயனையும் பயணத்தையும் எஞ்சிய நாட்களையும் நிறுத்துப் பார்ப்பார். ஒரே தடவைச் சிகிச்சை தமக்குப் பொருந்துமா எனக் கேட்பார். அல்லது வலிநீக்கி மருந்துகளோடு வீட்டிலேயே இருக்கத் துணிவார். மறைத்தல் அத்துலாக்கோலையே அவர் கையிலிருந்து பறித்துவிடுகின்றது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயுற்றவனையே முதலில் வைக்கின்றது. அவனது அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் மருத்துவன் கருதவேண்டும் எனவும் பணிக்கின்றது. முதற் கூறாகியவனை அறியாமையில் வைத்து ஏனைய மூன்றும் இயங்குதல் எங்ஙனம் முறையாகும்? அறிய விரும்பாதவர்மீது உண்மையைத் திணித்தலும் அறமன்று. ஆனால், அறிய விரும்புகின்றாரா என அவரை ஒருமுறையேனும் வினவாதிருத்தல், அன்பின் பெயரால் இழைக்கப்படும் அநீதியேயாகும்.