அந்த ஆறு நாள் இருந்தது யாரு?

ஓம் சரவணபவ.

போன வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் காப்பு கட்டி விரதம் இருந்தேன். பாலும் பழமும்தான் சாப்பாடு, காலையும் மாலையும் கோயில். அந்த ஆறு நாளில் யார் மேலும் ஒரு தடவை கூட கோபப்படவில்லை. எனக்கே ஆச்சரியம். திருக்கல்யாணம் பார்த்து, காப்பைக் கழற்றி இரண்டு நாள் கூட ஆகவில்லை. வீட்டிலிருந்தே வேலை, முக்கியமான ஒரு கால் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கதவைத் திறந்து "சாப்பிட வர்றியாப்பா" என்றார்கள். "ஒரு தடவ சொன்னா புரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தட்டு வைக்கும்போது மட்டும் கேட்டார்கள்: "அந்த ஆறு நாள் இருந்தது யாருப்பா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அக்கா பொண்ணு, நாலு வயசு, பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை வாயைத் திறக்கவில்லை போல. "ஒரு தடவ சொன்னா புரியாதா?" அதே வார்த்தை, அதே இழுவை. அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்கள், "உனக்கு இது உங்கப்பாகிட்ட இருந்து வந்தது."

"என் சுபாவமே அப்படித்தான்", "ரத்தத்துல ஊறினது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையிலேயே அப்படியா என்று தேடியபோதுதான் ஆல்பர்ட் பந்தூராவைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர், 2021இல் காலமானார். 1961இல் அவரும் அவர் குழுவும் 72 சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தள்ளினால் திரும்ப எழுந்து நிற்கிற காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் சுத்தியலால் அடிக்கிறார், திட்டுகிறார். சில பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பிறகு தனியாக விட்டபோது, பார்த்த பிள்ளைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, பரிசும் தரவில்லை.

என்னை உலுக்கியது இதைவிட 1965இல் வந்த இன்னொரு சோதனை. இந்த முறை படமாகக் காட்டினார்கள். ஒரு படத்தில் அடித்தவருக்குத் தண்டனை, ஒன்றில் பாராட்டு, ஒன்றில் எதுவுமே இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். சரி, பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைப்போம். ஆனால் "பார்த்ததைச் செஞ்சு காட்டினா பரிசு" என்றதும் மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு செய்து காட்டியது. அதாவது கற்றுக்கொண்டது எல்லோருக்குள்ளும் இருந்தது. வெளியே வருகிறதா இல்லையா என்பதுதான் வேறு.

அப்பா சத்தம் போட்ட நாளெல்லாம் நான் மூலையில் உட்கார்ந்திருந்தவன். பெரியவனானால் இப்படிக் கத்தவே கூடாது என்று சபதம் எடுத்தவன். சபதம் ஒரு பக்கம், கற்றது ஒரு பக்கம் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் தப்பு யாருடையது? அப்பாவும் எங்கேயோ பார்த்துத்தான் கற்றிருப்பார். இப்படியே மேலே போனால் கடைசியில் குற்றவாளியே இருக்க மாட்டான். இந்த இடத்தில் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பந்தூரா அதோடு விடவில்லை. மனிதன், அவன் செயல், அவன் சூழல் மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்கிறார். சூழல் என்னை ஆக்குகிறது. நானும் சூழலை ஆக்குகிறேன். அந்த நாலு வயசுக் குழந்தைக்குச் சூழல் யார்? நான்தான். நிம்மதி போச்சு.

அம்மாவின் கேள்விக்குப் பக்கத்தில் வந்தவர் இன்னொருவர், வால்டர் மிஷெல். ஒரு மனிதன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பான் என்கிற எண்ணத்தை 1968இல் ஒரு புத்தகத்தில் கேள்வி கேட்டார். பிறகு அவரும் சகாக்களும் ஒரு கோடை முகாமில் பிள்ளைகளைக் கவனித்து 1994இல் எழுதினார்கள். ஒருவன் சக பையன் சீண்டினால் பொங்குவான், பெரியவர் கண்டித்தால் அடங்குவான். இன்னொருவன் நேர் எதிர். அந்தந்தப் பிள்ளைக்கு அந்த முறை மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பாஷையில் இஃப்-எல்ஸ். அப்போ ஆறு நாள் இருந்தவனும் நான்தான், கத்தினவனும் நான்தான். ஒருத்தன் நிஜம், இன்னொருத்தன் வேஷம் என்று இல்லை.

இதைச் சொன்னதும் நண்பன் ஒருவன் மடக்கினான்: "அப்ப நீ நல்லவன் இல்லடா, உன் காப்புதான் நல்லது." யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. விரத நாளில் வீடே என்னிடம் மெதுவாகப் பேசியது. நான் அமைதியாக இருந்ததில் பாதி அவர்கள் கொடுத்தது. ஆனால் காப்பை யார் கட்டிக்கொண்டது? கோபம் வராத சூழலைத் தேடிப் போய் உட்காருவதும் என் செயல்தானே.

இதெல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அது அந்த ஆய்வாளர்களுக்கும் அழகில்லை, முருகனுக்கும் தேவையில்லை. ஆனால் சூரசம்ஹாரம் பார்க்கும்போது இந்தத் தடவை வேறு ஒன்று தோன்றும் என்று நினைக்கிறேன். மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்தது. அவன் அழியவில்லை, சேவலும் மயிலுமாக ஆனான். பாய்ந்து வருகிற அந்த வேகம் மயிலிடம் இன்னும் இருக்கத்தானே செய்யும்? மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் மாறியது.

என் விஷயத்துக்கு வருகிறேன். கால் நடக்கும்போது யாராவது உள்ளே வந்தால் கத்துவேன், இது என் இஃப். கதவில் "கால் நடக்கிறது" என்று காகிதம் ஒட்டினேன். ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு அம்மா கேட்டார்கள், "என் வீட்டுல நான் போர்டு பாத்துட்டுத்தான் வரணுமா?" என் கோபத்தின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றியிருந்தேன். அன்றே கிழித்துவிட்டேன்.

எங்கள் டீமில் ஒரு அண்ணன் இருக்கிறார். கால் நடுவில் அவர் பையன் ஓடி வந்தால் "ஒரு நிமிஷம்" என்று எங்களிடம் சொல்லி மியூட் போட்டு, குனிந்து அவனிடம் ஏதோ பேசிவிட்டு வருவார். யாரும் எதுவும் நினைத்ததில்லை. மாதக் கணக்காகப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. இப்போது அதைத்தான் காப்பியடிக்கிறேன். முதல் தடவை கை நடுங்கியது, பத்தாவது தடவை தானாக வந்தது. போன வியாழக்கிழமை மறுபடி கத்திவிட்டேன். அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், பாப்பா பார்க்கும்படியாகவே.

அவள் இன்னும் பொம்மையை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

முருகா சரணம்.