சேரமான் விட்டுவந்த நாடும் சிறுமியர் விட்டுவந்த வீடும்

2024 ஜனவரியில், கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூன்று சிறுமிகள் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார்கள். மூவருக்கும் வயது 13. சிறுகச் சிறுகச் சேர்த்த 14,000 ரூபாய் கையில் இருந்தது. ஈரோடு போய், அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறினார்கள். விசாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்துக் கொரியா போய்விட்டால் பி.டி.எஸ். இசைக்குழுவின் பாடகர்கள் ஏழு பேரையும் பார்த்துவிடலாம் என்பது திட்டம். சென்னையில் ஓர் இரவு கழிந்ததும் மனம் மாறி ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கியபோது ரயில் கிளம்பிவிட்டது. அங்கே காவலர்கள் அவர்களைக் கண்டு மீட்டார்கள்.

செய்தியைப் படித்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் செல்போனைத் திட்டினார்கள். கரூரை ஒட்டிய திருப்பூர் மாவட்டத்தில், பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகளில், அந்தச் செய்தி சிரிப்பாக இருந்திருக்க முடியாது. அங்கேயும் பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவைத் திறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தன் பெயர்கூடத் தெரியாத ஒரு பாடகர்மேல் வளரும் பிள்ளை உயிரையே வைப்பது தவறா? தவறு என்று ஒன்று நடந்திருந்தால், அது யாருடைய தவறு?

கொங்கு மண்ணுக்கு இது முற்றிலும் புதிய கேள்வி அல்ல. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. அந்தத் தலத்தின் கதைக்குள் ஒரு பாடகரும் அவரைத் தேடிவந்த ஓர் அரசரும் உண்டு. அந்த அரசரான சேரமான் பெருமாள் அன்றாடம் பூசை முடிவில் இறைவனின் சிலம்பொலியைக் கேட்பவர் என்கிறது பெரியபுராணம். ஒருநாள் அந்த ஒலி வரத் தாமதமானது. தில்லையில் அந்தப் பாடகரான சுந்தரர் பாடிய பாட்டில் திளைத்திருந்ததாக இறைவனே காரணம் சொன்னார். இறைவனையே நிறுத்திவைத்த அந்தக் குரலுக்கு உரியவரைப் பார்த்தே தீர வேண்டும் என்று சேரமான் நாட்டை விட்டுப் புறப்பட்டார். தில்லைக்குப் போனார், பிறகு திருவாரூருக்கு. முகம் பார்த்திராத பாடகருக்காக அரசர் ஒருவர் நாட்டை விட்டு வந்ததை நம் மரபு கேலி செய்யவில்லை. நாயன்மார் 63 பேரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது.

ஆனாலும் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது. சேரமான் வளர்ந்தவர், அவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அவர் திருவாரூரை அடைந்தபோது சுந்தரர் எதிரே வந்து தழுவிக்கொண்டார். பிறகு சேரமானின் ஊருக்கும் போய்த் தங்கினார். அந்த அன்புக்கு இரண்டு கரைகள் இருந்தன. கரூர்ச் சிறுமிகளின் அன்புக்கு ஒரு கரைதான். அவர்கள் வீட்டை விட்டு இறங்கிய அந்த ஜனவரியில் பி.டி.எஸ். பாடகர்கள் ஏழு பேரும் தங்கள் நாட்டின் கட்டாய ராணுவப் பணியில் இருந்தார்கள். கடலைக் கடந்து சியோலுக்கே போயிருந்தாலும் கதவைத் திறக்க ஆள் இல்லை.

இது வீண் பற்று என்று சொல்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற தாய், ஒன்றரை ஷிப்டு பார்த்துச் சனிக்கிழமை வாங்கி வருகிற சம்பளத்தில் வாடகை, மளிகை, வட்டி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பிள்ளையின் படிப்பு நடக்கிறது. அந்தப் பணத்தையும் படிக்கிற நேரத்தையும் அயல்நாட்டுப் பாடகர் ஒருவர் கொண்டுபோகிறாரே என்ற ஆற்றாமை நியாயமானது. மூன்று சிறுமிகள் இரவில் பெருநகரத்தில் தனியாக இருந்தது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதையும் மறக்க முடியாது. வீட்டில் சொல்லாமல் போனது தவறு, அதைத் தவறு என்றே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே சமயம் அந்த 14,000 ரூபாயையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 13 வயதில் அவ்வளவு பணம் சேர வேண்டுமானால் எத்தனை தின்பண்டத்தை வேண்டாம் என்று வைத்திருக்க வேண்டும்? பொறுமை, சிக்கனம், தோழிக்குக் கொடுத்த வாக்கு என்று பெரியவர்கள் நாள்தோறும் போதிக்கிற குணங்கள் எல்லாம் அந்தச் சேமிப்பில் இருக்கின்றன. அன்பு ஒரு பிள்ளைக்கு இத்தனையையும் கற்றுக்கொடுத்த பிறகு, அந்த அன்பையே குற்றம் என்று சொன்னால் அவள் அடுத்தமுறை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பாள்.

பற்றின் பெயரால் நடக்கிற வியாபாரத்தைப் புரிந்துகொள்ளத் திருப்பூரைவிட நல்ல இடம் இல்லை. 2024-25இல் இந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை நெருங்கியது. இங்கே ஒரு பிரிண்டிங் பட்டறையில் டி-ஷர்ட்டில் முகம் ஏறுவதைப் பார்க்கலாம். நீண்ட மேசையில் வெட்டிய துணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். முதல் ஸ்கிரீனை வைத்து ரப்பர் கட்டையால் சாயத்தை இழுத்தால் மங்கலான நிழல் ஒன்று விழும். அடுத்த ஸ்கிரீனில் கன்னம் வரும், அதற்கடுத்ததில் உதடு, கடைசியாகக் கருப்பு. அப்போதுதான் அது ஒரு பாடகரின் முகம். ஒரு ஸ்கிரீன் நூலளவு விலகினாலும் பீஸ் செகண்ட்ஸுக்குப் போய்விடும். ஒரு முகம் தெளிய இத்தனை கைகள் வேண்டும், அந்தக் கைகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தோ நிறைந்தோ கூலி உண்டு.

ரசிகரும் அந்த முகத்தை உலகத்தின்மேல் பதிக்கிறவர்தான். பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கணக்கை ஏற்றுகிறார், போட்டிகளில் ஓட்டுப் போடுகிறார், பாட்டுக்குப் பொருள் எழுதிப் பரப்புகிறார். இதற்கெல்லாம் அவர் கூலி கேட்பதில்லை. கூலி கேட்காதவரிடமே மேலும் பணம் பிடுங்கும்போது அது அறமீறல் ஆகிறது. கொரிய இசைத் தொழிலில் ஆல்பத்துக்குள் பாடகரின் புகைப்பட அட்டையை வைத்து விற்கிறார்கள். யாருடைய அட்டை வரும் என்பது பிரிக்கும்வரை தெரியாது. வேண்டிய முகம் கிடைக்கும்வரை பிள்ளை மறுபடி மறுபடி வாங்குகிறது. கூலிக்காரர் வீட்டுப் பணத்தைக் கரைத்த லாட்டரிச் சீட்டை 2003இல் தடைசெய்த மாநிலம் இது. பெரியவர்களுக்கே கூடாது என்று நிறுத்திய ஆசைவலையை 13 வயதுப் பிள்ளைக்கு அன்பின் பெயரால் விரிப்பது நியாயமாகாது. சேரமான் கொடுத்தனுப்பிய பொருளோடு சுந்தரர் திரும்பிய வழியில், திருமுருகன்பூண்டியில் அந்தப் பொருள் கொள்ளை போனது. அன்பு நடக்கிற வழியில் கொள்ளை காத்திருக்கும் என்பதை அந்தத் தலம் இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

ரசிகருக்கும் கடமை உண்டு. அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி, சிறுமிகள் உள்ளிட்டோரைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய வழக்கில் 2021இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு 30 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அதுவரையில் பல ஆண்டுகள், குற்றம் சொன்ன பெண்களை நம்ப மறுத்து அவருக்காக வாதாடிய ரசிகர்கள் இருந்தார்கள். குரல் இனிமையானது என்பதால் குரலுக்கு உரியவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். பாட்டை நேசிக்கிற காது, பாதிக்கப்பட்டவரின் சொல்லுக்கும் திறந்திருக்க வேண்டும். பி.டி.எஸ். ரசிகர்களே நல்ல முன்மாதிரியையும் காட்டியிருக்கிறார்கள். 2020 ஜூனில் அந்தக் குழு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்துக்குப் 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ஏறத்தாழ ஒரே நாளில் ரசிகர்கள் அதற்கு ஈடான தொகையைத் திரட்டினார்கள். அவர்களின் பற்று, முன்பின் அறியாதவர்களின் துயரத்துக்கும் கைகொடுத்தது.

இனி பெரியவர்களின் பங்கு. 2018 செப்டம்பரில் பி.டி.எஸ். குழுவின் தலைவர் ஆர்.எம்., ஐ.நா. சபையில் இளைஞர்களிடம் பேசினார். எந்த ஊராக இருந்தாலும் சரி, உங்கள் பெயரையும் உங்கள் கதையையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஒரு பிள்ளை தன் கதையைச் சொல்ல வேண்டுமானால் கேட்க ஆள் வேண்டும். எட்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிற தாய்க்குக் கால் வலிக்கும். அவள்மேல் பழி போடுவது அநியாயம். அவள் நேரத்தை எடுத்துக்கொள்கிற தொழிலும், பிள்ளையை மாலையில் பார்த்துக்கொள்ள ஓரிடம் அமைக்காத ஊரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பாட்டை ஒருமுறை பிள்ளையோடு சேர்ந்து கேட்பது. பாட்டு பெரியவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கொரியாவுக்குப் போக எவ்வளவு ஆகும் என்று அம்மாவிடமே கேட்க முடிகிற வீட்டில், 14,000 ரூபாயை ஒளித்துச் சேர்க்க வேண்டிய தேவை குறையும்.

கரூர்ச் சிறுமிகளைப் பற்றிப் பேசும்போது பலரும் அவர்கள் கிளம்பியதை மட்டுமே பேசுகிறார்கள். காட்பாடியில் அவர்களைக் கண்டபோது அவர்கள் கொரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கவில்லை. யாரும் தடுப்பதற்கு முன்பே மூவரும் மனம் மாறி, வீடு திரும்பும் ரயிலில் ஏறியிருந்தார்கள். பசிக்குச் சோறு வாங்கத்தான் நடுவில் இறங்கினார்கள். அவர்களுடைய பற்று அவர்களின் அறிவைத் தின்றுவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அப்படித் திரும்பி வருகிற பிள்ளைக்கு முதலில் சோறு போட வேண்டும். அப்புறம் அந்த ஏழு பேரின் பெயரையும் அவள் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.