நிற்பதும் உழைப்பே

தொட்டியில் அசையாமல் நிற்கும் தங்கமீனை உற்றுப் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் உள்ள இரண்டு துடுப்புகள் மட்டும் ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும். மூச்சு விடும்போது செவுள் வழியே பின்னோக்கிப் போகும் நீர், மீனை மெல்ல முன்னே தள்ளும். அதை ஈடுகட்டத்தான் இந்த எதிர்வீச்சு. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் உடல் புரளாமல் பார்த்துக்கொள்கின்றன. முன்னோக்கி நீந்தும்போதுதான் வாலுக்குப் பெரிய வேலை.

மனிதரிலும் இப்படி நிற்கப் பாடுபடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஓடி முந்துகிறவருக்குத்தான் ஊரே கைதட்டும். விலைவாசி ஏறியும் கடன் வாங்காமல் குடும்பத்தை நடத்துகிறவரை யாரும் கவனிப்பதில்லை. “அவருக்கென்ன, அப்படியேதான் இருக்கிறார்” என்போம். அப்படியே இருக்க அவர் படும் பாடு நமக்குத் தெரிவதில்லை. முன்னேறியவரைப் பாராட்டும் வாயால், சரியாமல் நிற்பவரையும் ஒருமுறை பாராட்டுங்கள்.