பயணப் பெட்டியும் ஒரு கடன் கொப்பியும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. மூன்று நாட்களாக அந்த வீட்டின் கட்டில் மீது நான்கு பெட்டிகள் திறந்தபடி கிடக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு இது முதல் பிரசவம். நானும் மனைவியும் ஆறு மாதங்களுக்குப் போகிறோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. இரவில் மகள் தொலைபேசியில் பட்டியல் சொல்கிறாள். பகலில் மனைவி வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். மாசிச் சம்பலுக்கு இடம் விட்டால் என் கம்பளிச் சட்டைக்கு இடமில்லை. கம்பளிச் சட்டைக்கு இடம் விட்டால் பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்குக்கு இடமில்லை.

இது ஒரு சின்ன விஷயம். விமானம் ஏறும் எல்லோரும் செய்வதுதான். ஆனால், எதைக் கொண்டு போவது என்ற கேள்வி என்னிடம் வரும்போதெல்லாம் அதன் பின்னால் இன்னொரு கேள்வியும் வந்து நிற்கிறது. முப்பத்தைந்து வருடங்களாக நான் அதற்கு முகம் கொடுக்காமல் இருந்தேன். இந்தப் பெட்டிகளை மூடுமுன் அதைப் பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வகையான சூபித்தனம் நம்மிடையே உண்டு. எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வந்தோம், வெறுங்கையோடு போவோம் என்போம். 1325 இல் தாஞ்சியரிலிருந்து இருபத்தொரு வயதில் தனியாகப் புறப்பட்ட இப்னு பதூதாவை இதற்கு உதாரணமாகக் காட்டுவதுமுண்டு. அவர் 1344 இல் இலங்கைக்கு வந்தார். பத்தாளா என்று அவர் எழுதும் துறையைப் புத்தளம் என்பார்கள். அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்து, முத்துக்களும் மணிகளும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு வழித்துணையும் அனுப்பினார். அந்த மணிகள் அவரிடம் நிலைக்கவில்லை. பின்னர் மலபார்க் கரையோரம் கடற்கொள்ளையரிடம் எல்லாவற்றையும் இழந்து, காற்சட்டை ஒன்றுடன் கரையேறினார். பல வருடங்களின் பின் மொரொக்கோவில் இருந்து தன் பயணத்தைச் சொல்லி எழுதுவித்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஞாபகம் மட்டுமே.

அழகான கதைதான். ஆனால் அவர் கரையேறிய ஊரில் யாரோ ஒருவர் அவருக்கு உடுக்கக் கொடுத்தார்கள், உண்ணக் கொடுத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முற்காலத்தில் யெமனிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், அல்லாஹ்வை நம்பி வந்தோம் என்று சொல்லி வழிச்சாமான் எதுவுமின்றிப் புறப்பட்டு, மக்காவுக்கு வந்ததும் மற்றவர்களிடம் கையேந்தினார்கள். ஸூரதுல் பகராவில் வழிச்சாமான் எடுத்துக்கொள்ளும்படி வரும் கட்டளைக்கு இதுவே காரணம் என்று முஃபஸ்ஸிர்கள் சொல்கிறார்கள். அப்படியாயின், பெட்டி அடுக்குவது வெறும் உலக காரியமல்ல. நான் சுமக்க மறுக்கும் பாரம் காணாமற் போய்விடுவதில்லை. அது இன்னொருவருடைய தோளுக்குப் போகிறது, அவ்வளவுதான். வெறுங்கையோடு போகலாம் என்று சொல்வதற்கு ஒருவரிடம் திரும்பி வரும் ரிக்கட் இருக்க வேண்டும்.

அந்த ரிக்கட் இல்லாமல் நாங்கள் ஒருமுறை புறப்பட்டோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களின் முறை ஒக்டோபர் 30 ஆம் திகதி வந்தது. ஆண்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் தந்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது.

வாப்பா சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மைதானத்திலிருந்து அவர் வந்து செய்தி சொன்னதும் உம்மா செய்த முதற் காரியம் பெட்டி அடுக்குவதல்ல. அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு சீலைப் பொட்டலத்தை எடுத்தா. அதற்குள் ஒரு சோடி காப்பு. அது எங்களுடையதல்ல. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, குடிகாரக் கணவனின் கண்ணில் படாமல் மகளின் கலியாணத்துக்கென்று உம்மாவிடம் கொடுத்து வைத்தது. உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினா. அந்தப் பெண்மணி வீட்டில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போய், அங்கே ஆளைத் தேடிப் பிடித்து, கையிலே கொடுத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணியும் அழுதுகொண்டு கூடவே ஒழுங்கை முடக்கு வரை வந்தா.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கடன் கொப்பி விடுபட்டுப் போயிற்று.

நீளமான, சிவப்பு அட்டை போட்ட கொப்பி. கடைக்கு யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது முன்பக்கத்திலிருந்தும், வாப்பா யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பின்பக்கத்திலிருந்தும் எழுதப்பட்டிருந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. வவுனியா தாண்டி, லொறி மாறிப் புத்தளத்தில் இறங்கியபோதுதான் வாப்பா அதைக் கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை.

"ஊரார்ட காப்பக் குடுக்க ஓடினாய். எங்கட சீவியத்த விட்டிட்டு வந்திட்டாய்" என்றார் வாப்பா உம்மாவிடம். கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த அந்த வருடங்களில் இதைப் பல தடவை சொன்னார். உம்மா ஒருமுறைதான் மறுமொழி சொன்னா: "காணி உறுதிக்குக் கந்தோரில பிரதி இருக்கும். அவட நம்பிக்கைக்குப் பிரதி எங்க இருக்கு?"

உம்மா செய்தது சரியா? வழியில் நடந்த சோதனையில் உம்மாவின் சொந்தத் தோடு போயிற்று. அந்தக் காப்பு கூட வந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஆகவே அவ செய்தது சரி என்று சொல்வது இலகு. ஆனால் அது நேர்மையான வாதமல்ல. சோதனை நடக்கும் என்று அவவுக்குத் தெரியாது. விளைவைப் பின்னால் அறிந்தவர்கள், அறியாமல் முடிவெடுத்தவருக்குப் புள்ளி போடக்கூடாது.

உம்மாவின் மனதில் இருந்தது ஹிஜ்ரத்தின் சம்பவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நபியவர்கள் (ஸல்) மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். துரத்தியவர்களின் பொருளும் அதில் இருந்தது. அலி அவர்கள் சில நாட்கள் தங்கி ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்த பின்னரே மதீனா புறப்பட்டார்கள். பயணத்தின் முதற் கேள்வி எதைக் கொண்டு போவது என்பதல்ல, எதைக் கொண்டு போகக்கூடாது என்பதே என்று இந்தச் சம்பவம் கற்றுத் தருகிறது. காப்புக்கார அம்மா எங்களைத் துரத்தியவரல்ல. ஆகவே அவருடைய உரிமை இன்னும் கூடியது.

ஆனால் வாப்பாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது. கொப்பியின் முன்பக்கம் போனதற்காக அவர் கவலைப்பட்டார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கடைசிக் காலத்தில் அவர் சொன்னார்: "தரவேண்டிய ஆக்கள மன்னிச்சிட்டன். நான் குடுக்க வேண்டிய ஆக்கள் ஆர் ஆர்?" சில பெயர்கள் ஞாபகத்தில் இருந்தன. தொகைகள் இல்லை. பின்பக்கமும் ஓர் அமானிதம்தான். உம்மா ஓர் அமானிதத்தைக் காப்பாற்றப் போன நேரத்தில் பத்து அமானிதங்கள் கைவிடப்பட்டன. ஆகவே இது ஊராருக்கும் நமக்கும் இடையிலான வழக்கல்ல. ஊராருக்கும் ஊராருக்கும் இடையிலான வழக்கு.

2001 இன் இறுதியில் வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். நம் வழக்கப்படி ஜனாஸாத் தொழுகைக்கு முன் நான் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு என்றேன். பள்ளி மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தைக் கேட்டவர்கள் கடனில்லாத மனிதர் என்று நினைத்திருப்பார்கள். கடன்காரர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு என் குரல் கேட்டிராது.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்ததும் போனேன். வாப்பாவுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "தம்பி, என்ர கொப்பியும் போட்டுது. தொண்ணூற்றைஞ்சில." 1995 ஒக்டோபர் 30 இல், எங்களை அனுப்பிச் சரியாக ஐந்து வருடங்களின் பின், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடக்கப் பணிக்கப்பட்டார்கள். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். "என்ன இருந்தாலும் விட்டாச்சு, தம்பி. வாப்பாவுக்காக யோசிக்காதையுங்கோ" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இருந்தும், கொடுக்க வேண்டியவரின் கொப்பியும் இல்லை, வாங்க வேண்டியவரின் கொப்பியும் இல்லை என்றால் கடன் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கணக்குத் தொலைந்தால் கடன் தொலைவதில்லை என்பதே நமது நம்பிக்கை. எழுதியவனின் கையிலும் இல்லாத, கேட்பவனின் கையிலும் இல்லாத கணக்கு ஒன்று எங்கோ சரியாக இருக்கிறது. தொகை தெரியாமல் தரப்படும் மன்னிப்பு அந்தக் கணக்கை மூடுமா? மூடும் என்று நம்புகிறேன். நிச்சயமாகச் சொல்ல எனக்கு இல்ம் இல்லை.

இனி, நான் முகம் கொடுக்காமல் இருந்த விஷயம்.

அன்று உம்மா வெளியே ஓடியபோது, வாப்பா தங்கச்சிமாரை ஆயத்தப்படுத்திக்கொண்டு என்னிடம் ஒரு வேலை சொன்னார்: "அலுமாரியைப் பார்." நான் பார்த்தேன். என் சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழையும், பெருநாளுக்குத் தைத்த சேட்டையும் எடுத்தேன். சிவப்புக் கொப்பி அதற்குக் கீழே இருந்தது. கண்டேன். அது வாப்பாவின் சாமான், வாப்பா எடுப்பார் என்று நினைத்தேன். வாப்பாவோ நான் எடுத்திருப்பேன் என்று நினைத்தார். புத்தளத்தில் அவர் உம்மாவைக் குற்றம் சாட்டியபோது நான் பேசாமல் இருந்தேன். அடுத்த பதினொரு வருடங்களும் பேசாமல் இருந்தேன். உம்மாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவவும் மௌத்தாகிவிட்டா. கொப்பியின் பின்பக்கத்தில் இருந்த கடன்களோடு அந்த மௌனமும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது.

என்னுடைய சான்றிதழை எடுத்தது பிழையல்ல. பதினேழு வயதில் அதுவும் ஒரு சீவியம்தான். பிழை வேறு. என் கை முதலில் என் பெயர் எழுதிய பொருளைத் தேடியது, அதோடு நின்றும்விட்டது. உம்மாவின் கை முதலில் பிறர் பெயருடைய பொருளைத் தேடியது. ஒரே வீட்டில், ஒரே இரண்டு மணி நேரத்தில் இரண்டு கைகள்.

இவ்வளவும் எனக்கு இப்போது நினைவுக்கு வரக் காரணம் எதிர் வீட்டு அக்கா. எழுபது வயதிருக்கும், சாவகச்சேரிப் பக்கம். அவருடைய மகனும் ரொறன்ரோவில். நேற்று ஒரு பார்சலோடு வந்தா: ஒடியல் மா, புழுக்கொடியல், பேரப்பிள்ளைக்கு ஒரு பட்டுப் பாவாடை. இரண்டு கிலோ. வாய் தைக்காமல் திறந்தபடி கொண்டு வந்தா.

"நான் தைக்கேல்லை, தம்பி. நீங்கள் எல்லாத்தையும் பாத்துப்போட்டு வையுங்கோ. எயார்போட்டில கேப்பாங்கள்."

உண்மை. பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா என்று கேட்பார்கள். பிறர் தந்த பொருள் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அக்காவுக்குச் சோதனை புதிதல்ல. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். 376 பேர் என்று அப்போது சொல்லப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. மகனின் வெளிநாட்டுக் கடதாசிகளுக்காக வந்து லொட்ஜில் நின்ற அக்காவும் ஒரு பஸ்ஸில் இருந்தா. அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லையாம். உடுப்புப் பையை விட்டுவிட்டு மகனின் பைலை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாவாம். "உடுத்த சீலையோட வவுனியாவில நிண்டன், தம்பி. பைல் இருந்துது" என்றா.

அவவும் தன் பெயர் எழுதிய பொருளை எடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் மேசையில் பார்சலைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவவுக்கு இல்லை. நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். திறந்து காட்டுவதும், பார்த்து ஏற்பதும்கூட நம்பிக்கைதான் போலும். கேட்டால் உண்மையைச் சொல்லலாம்: இது இன்னாருடையது, நானே பார்த்து அடுக்கினேன்.

கம்பளிச் சட்டையை வெளியே எடுத்துவிட்டேன். மருமகன் அங்கே ஒன்று வாங்கித் தருவார். அதுவும் ஒரு பாரத்தைப் பிறர் தோளில் வைப்பதுதான். தெரிந்தே வைக்கிறேன்.

இன்று காலை காலி வீதியில் ஒரு சிவப்பு அட்டைக் கொப்பி வாங்கினேன். முன்பக்கத்தைத் தொடவில்லை. பின்பக்கத்திலிருந்து எழுதினேன்: யாருக்கு எவ்வளவு, யாருடைய புத்தகங்கள் என்னிடம், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்தொன்பது வரிகள் வந்தன. முதலாவது வரியில் உம்மாவின் பெயர். அதை அடைக்க எனக்கு வழி தெரியவில்லை. மற்றவற்றுக்கு வழி உண்டு. ஒரு பிரதியைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பியிடம் கொடுக்கப் போகிறேன். மூலம் என் கைப்பையில் வரும்.

பயணத்துக்கு இன்னும் நான்கு நாட்கள். பயணம் சொல்லப் போகும் வீடுகளில் தேநீர் குடித்துவிட்டு, கொப்பியைப் பார்த்துக் கேட்க வேண்டும். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது நான் தரவேண்டியது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். அன்று பள்ளியில் கேட்டதைப் போல அல்லாமல், இம்முறை பதில் வரவேண்டும் என்று கேட்கிறேன்.