ஒரு திருகாணியின் விலை

கடைத்தெருவிலே பித்தளைத் திருகாணி ஒன்றைச் சில காசுக்கு வாங்கிவிடலாம். அதே திருகாணி மூழ்கிய போர்க்கப்பலினின்று பெயர்க்கப்பட்டதென்றால், பழம்பொருள் சேர்ப்போர் பன்மடங்கு கொடுக்க முன்வருவர். உலோகம் ஒன்றே, எடையும் ஒன்றே. அங்ஙனமாயின், மிகுதிப் பணம் எதற்கு விலை?

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பாலுள்ள கடலில், 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 பேர் மாண்டனர். அவர்களுட் பலருக்கு அக்கப்பல்களே கல்லறை. அம்மரணமே திருகாணியின் விலையை உயர்த்துகிறது. வாங்குபவர் பித்தளைக்கு மட்டுமா பணம் கொடுக்கிறார்?

"இறந்தவனுக்கு இரும்பு எதற்கு? இஃது ஆவிக்கு அஞ்சும் மூடநம்பிக்கையன்றோ?" எனச் சிலர் வினவலாம். ஆவி உண்டென நாமும் நம்புகிறோமில்லை. ஆனால், இறந்தவர் உணரார் என்பதனால் அவர் உறங்கும் இடம் நம் உடைமையாகிவிடுமோ? அவருக்கு மக்கள் உண்டு; பேரர் உண்டு. கப்பல் எவ்வாறு அழிந்ததென ஆராயும் அறிஞரும் உண்டு. இருந்த இடத்திலே ஆணியும் ஒரு சாட்சி. பெயர்த்து மேசைமேல் வைத்தால் அது வாய்பேசா உலோகத் துண்டே.

"கடல் அரித்துவிடுமுன் காப்பாற்றுகிறோம்" என்பது மற்றொரு வாதம். காப்பது நன்றே. ஆனால், உப்பேறிய இரும்பை முறைப்படி உப்பு நீக்காது உலரவிட்டால், அது பிளந்து உதிரும். 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் மணி, 2002-ஆம் ஆண்டில் உரிய அனுமதியோடு மேலே கொணரப்பட்டு, லிவர்ப்பூல் காட்சிச்சாலையில் யாவரும் காண வைக்கப்பட்டது. அது காத்தல். ஒருவர் பேழையில் பூட்டி வைப்பது கவர்தலேயாம்.

பாரந்தூக்கி கொண்டு அக்கப்பல்களின் இரும்பைத் திருடியோரைக் கண்டு நாம் கொதிக்கிறோம். சட்டைப்பையில் ஆணியொன்றை இட்டுச் செல்பவரையோ "சிறு பொருள்தானே" என்று மன்னிக்கிறோம். அளவு வேறு, செயல் ஒன்றே. ஆயிரம் பேர் ஆளுக்கோர் ஆணி கேட்டால், கப்பலில் எஞ்சுவது யாது?

ஆகவே, இத்தகைய பொருள் விலைக்கு வருங்கால், "எங்கிருந்து? யார் அனுமதியால்?" என்று கேட்பது வாங்குவோர் கடமை. விடை இல்லையேல் வாங்காது விடுக. வாங்குவாரின்றேல் பெயர்ப்பாரும் இலர். கடலடியில் உறங்குவோர்க்குக் கரையிலுள்ள நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.