மண்டியிட்ட முழங்கால் எழுந்து நடக்கட்டும்

அரூர் பேருந்து நிலையத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் சான்றிதழ்களைத் திணித்துக்கொண்டு, சித்தேரிக்கு ஏறும் பஸ்ஸுக்காக நிற்கிறாயே தம்பி, உன்னிடம்தான் பேச வேண்டும். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, நீயும் கேள். ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு ஜெபிக்கிறீர்கள். உபவாசம் இருக்கிறீர்கள். கர்த்தர் ஏற்ற நேரத்தில் வேலை தருவார் என்று அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். எல்லாம் சரி. திங்கட்கிழமை காலை என்ன செய்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதே. உன் விசுவாசத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நீ நினைத்திருப்பதைவிட வலிமையானது, அதை நீ வெறும் காத்திருப்பாகச் சுருக்கி வைத்திருக்கிறாய் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். உன் மலைக்கும் இந்த விசுவாசத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நீ இப்படிக் குனிந்து நிற்க மாட்டாய்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினார்கள். மருத்துவத்தில் ஜெஸ்ஸிக்கு இருந்தது குறுகிய காலப் பயிற்சிதான். ஆனால் தச்சு வேலை தெரியும், வீடு கட்டத் தெரியும். பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து போட்டார், பள்ளிக்கூடம் நடத்தினார், பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். மலை மக்களை வாட்டிய நரம்புச்சிலந்தி நோய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, தண்ணீருக்குள் யாரும் காலை வைக்க முடியாதபடி கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பினார். கொல்லிமலையோடு நிற்பது அந்தத் தம்பதியின் எண்ணமல்ல. பச்சைமலை, கல்வராயன் என்று ஐந்து மலைத்தொடர்களை மனதில் குறித்துவைத்து ஜெபித்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று உன் சித்தேரி. நீ பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே உன் ஊர்ப் பெயரைச் சொல்லி இரண்டு பேர் முழங்கால் போட்டிருக்கிறார்கள், தம்பி! முழங்கால் போட்டுவிட்டு எழுந்து, கரணையும் சுத்தியலும் எடுத்திருக்கிறார்கள்.

1929-ல் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. ஈவ்லின் தனியானார். அவர்களை அனுப்பிய மிஷன் அவரைச் சமவெளியில் வேறு பணிகளில் வைத்தது. வருடங்கள் ஓடின. எழுபதை நெருங்கும் வயதில், மறுபடியும் மலைக்கு அனுப்புங்கள் என்று கேட்டபோது, வயதாகிவிட்டது, முடியாது என்று மிஷன் நிர்வாகம் மறுத்தது. வேலை கேட்டு ஏமாந்தவன் நீ. உனக்கு அந்த மறுப்பின் கசப்பு தெரியும். ஈவ்லின் என்ன செய்தார்? இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்று வாதாடி வாங்கினார். அந்த வருடம் முடிந்ததும் மிஷனிலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். பிறகு, இனி நான் யாருடைய ஊழியரும் இல்லை, எனக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறேன் என்று மலைக்கே போய்விட்டார். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, கையில் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. கொல்லிமலையில் கணவரின் அருகில் அடக்கமாகியிருக்கிறார்.

எழுபது வயதில் 'இல்லை' என்று கேட்டவர் இருபத்தைந்து வருடம் உழைத்துக் காட்டினார். இருபத்து நான்கு வயதில் நாலு கம்பெனி 'இல்லை' என்று சொன்னதும் உனக்கு வாழ்க்கை முடிந்துவிட்டதா?

அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தார். கொல்லிமலையில் மரமேறி விளையாடிய பையன். பெரியவரானதும் டாக்டராக மாட்டேன் என்று அடம்பிடித்து, இங்கிலாந்தில் கட்டடத் தொழில் கற்றார். கொத்து வேலை, தச்சு வேலை என்று வருடங்கள் போயின. அப்பாவைப் போல மலையில் கட்டடம் கட்ட வேண்டும் என்பது ஆசை. தயாராகி மிஷனிடம் போய் நின்றால், அனுப்ப முடியாது என்றார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, மனம் மாறி, முழு மருத்துவப் படிப்பு முடித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். வேறு யாராவது என்றால் கட்டட வேலையில் போன வருடங்கள் வீண் என்று சொல்லியிருப்பார்கள். அவை வீணாகவில்லை என்பதை வேலூரில் நடந்தது காட்டியது. அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் வேலை தேடும் எல்லோருக்குமான பாடம் அதில் இருக்கிறது.

தொழுநோய் நரம்பைச் சாப்பிடும்போது கைவிரல்கள் மடங்கி நகம்போல வளைந்துவிடும். சோற்றை அள்ள முடியாது, பொத்தானைப் போட முடியாது. பால் பிராண்ட், நோயாளியின் கையில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களோடு இணைத்து, அந்த விரல்களை மறுபடி அசைய வைத்தார். உலகமே திரும்பிப் பார்த்த சிகிச்சை. சரியான கையோடு நோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் திரும்பி வந்து வருத்தத்தோடு நின்றார். டாக்டர் கொடுத்த கை பிச்சை எடுக்க உதவவில்லையாம். விரல் வளைந்திருந்தபோது பார்த்தவர்கள் இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள். இப்போது விரல் நேராக இருக்கிறது, காசு விழவில்லை. தொழுநோயின் தழும்பு இருப்பதால் வேலையும் யாரும் தரவில்லை, தங்க வீடும் தரவில்லை.

அந்த இடத்தில்தான் உண்மையான விசுவாசம் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. கையைச் சரிசெய்துவிட்டேன், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பால் பிராண்ட் ஒதுங்கவில்லை. வயதான மிஷனரி அம்மையார் ஒருவர் கொடுத்த பணத்தை வைத்துக் கல்லூரி வளாகத்திலேயே எளிய குடிசைகள் எழும்பின. நவஜீவ நிலையம் என்று பெயர். அங்கே அந்த மனிதர்கள் தச்சு வேலை கற்றார்கள், மரப்பொம்மை செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்? அதே டாக்டர்! இங்கிலாந்தில் இழைப்புளி பிடித்துப் பழகிய கை அது. உணர்ச்சியற்ற விரலில் சுத்தியல் கைப்பிடி எங்கே உராய்கிறது, எந்த இடத்தில் சிராம்பு ஏறுகிறது, எந்தக் கைப்பிடியைப் பருமனாக்கினால் காயம் வராது என்று தச்சனின் கண்ணால் பார்த்தார். வலி தெரியாததால்தான் அவர்கள் விரல்கள் தேய்கின்றன என்று மருத்துவ உலகுக்கு அவர் சொன்னதற்கு அந்தப் பட்டறைக் கண்ணும் ஒரு காரணம். பிச்சைக்கு நீண்ட கை சம்பளம் வாங்கியது.

நீ இப்போது செய்துகொண்டிருக்கும் எந்த வேலையையும் கேவலமாக நினைக்காதே. ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் நிற்கிறாயா? திருப்பூரில் செக்கிங் பார்க்கிறாயா? மலையில் அப்பாவோடு மரவள்ளி பிடுங்குகிறாயா? செல்போன் கடையில் நிற்கிறாயா? அதை முழுசாகச் செய். நாசரேத்தில் நம் ஆண்டவர் பிரசங்கம் தொடங்குவதற்கு முன் தச்சராகத்தான் ஊருக்குத் தெரிந்தவர். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சம்பாதித்தார். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலைத் தேவ ஆவியால் நிரப்பியதாக யாத்திராகமம் சொல்வது எதற்காக? பிரசங்கம் பண்ணவா? பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்ய! கைத்தொழிலுக்கு ஆவியானவர் இறங்கிய வேதத்தை வைத்துக்கொண்டு, வெல்டிங் படித்தவன் தாழ்ந்தவன், கம்ப்யூட்டர் படித்தவன் உயர்ந்தவன் என்று சபைக்குள்ளேயே பேசுகிறோமே, அது பாவம்.

ஜெபிப்பது எப்படி என்று நெகேமியாவிடம் கற்றுக்கொள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அழுதான், உபவாசித்தான், மாதக்கணக்கில் ஜெபித்தான். ராஜா முகம் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட அந்த நொடியிலும் மனதுக்குள் ஜெபித்தான். அடுத்த மூச்சில் என்ன பேசினான் பார்! எத்தனை நாள் வேண்டும் என்று கணக்குச் சொன்னான். வழியிலுள்ள அதிகாரிகளுக்குக் கடிதம் கேட்டான். மரம் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது, வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு உத்தரவு எழுதித் தாருங்கள் என்று பெயரோடு கேட்டான். இன்டர்வியூவுக்குப் போகும் நீ, அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்றுகூடத் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டு, கர்த்தர் வாயில் வார்த்தை தருவார் என்கிறாய். வீட்டுப்பாடம் செய்தவனுக்குத்தான் வார்த்தை வரும்.

இப்போது வலிக்கும் விஷயம் ஒன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் 20 பேரை, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வீடுகளில் இன்றும் விளக்கு சரியாக எரியவில்லை. அவர்களை யாரும் கெட்டவர்கள் என்று என் முன்னால் பேசக் கூடாது. வேலை இல்லாத மலையில், கையில் முன்பணம் வைத்துக்கொண்டு புரோக்கர் வந்து நிற்கும்போது, அதை மறுக்கப் பசித்த மனிதனுக்கு எவ்வளவு பலம் வேண்டும் தெரியுமா? அந்தப் பலத்தைக் கொடுக்கத்தான் விசுவாசம் இருக்கிறது. என்ன வேலை, யார் முதலாளி, எங்கே தங்க வேண்டும் என்று சொல்லாமல் அட்வான்ஸ் நீட்டுகிறவனிடம், "வேண்டாம் அண்ணா" என்று சொல்லும் தைரியம்தான் நீ மலையுச்சியில் கேட்டுப் பெற வேண்டிய வரம்.

வெளிநாட்டு வேலை என்று மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கூட்டிப் போய், ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சம் கேட்கிறவனுக்கும் கொடுக்காதே, அவன் உன் சபைக்காரனாகவே இருந்தாலும்! விதைக் காணிக்கை போட்டால் இத்தனை நாளில் வேலை வரும் என்று மேடையில் கூவுகிறவனிடமிருந்தும் விலகிப் போ. அப்பா மாடு விற்ற பணத்தை உண்டியலில் போட்டுக் கர்த்தரிடம் வேலை விலைக்கு வாங்க முடியாது. அவர் கடை வைத்திருக்கவில்லை.

லஞ்சம் கொடுத்து வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு நீ என்ன சாட்சி சொல்வாய்? உன் மலையில் பெரும்பாலானவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். உன் பிரசங்கம் அவர்களுக்குத் தேவையில்லை. நேரத்துக்கு வருகிறாயா, கணக்கில் கை வைக்காமல் இருக்கிறாயா, முதலாளி இல்லாதபோதும் அதே வேகத்தில் வேலை செய்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள். கூட வேலை செய்கிற பெண்ணிடம் எப்படிப் பேசுகிறாய் என்பதையும் பார்ப்பார்கள்.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரூத்தை நினைத்துக்கொள். அந்நிய தேசம், விதவை, கையில் காசில்லை. மாமியாரிடம் சொல்லிவிட்டுத் தானாக வயலுக்குப் போனாள், கேட்டு அனுமதி வாங்கினாள், காலையிலிருந்து உழைத்தாள். அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வயல்காரன் போவாஸ் வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டான். உன் மலையடிவாரத்தில், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993 முதல் இயங்கும் மருத்துவமனையைப் பார். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி பெற்றவர்களில் மலைக்கிராமத்துப் பெண்கள் நிறைய. யாரோ ஒருத்தி முதல் நாள் பயந்துகொண்டே உள்ளே நுழைந்தாள், அதனால்தான் இன்று அடுத்தவளுக்குப் பயமில்லை.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். பழங்குடியினர் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பம் போடு. கோட்டாட்சியர் நிலையில் தர வேண்டிய சான்றிதழ் அது, நாளாகும். கிறிஸ்தவனாக இருப்பதால் பழங்குடி உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே, பழங்குடியினருக்கு மதம் மாறியதாலேயே அந்த உரிமை நீங்குவதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், உன்னுடையது எப்போது முடிகிறது என்று எடுத்துப் பார். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், 200 கேள்வி, அதில் 100 தமிழ். பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணமும் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, போய் உட்கார். தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். விடியற்காலையில் ஜெபித்துவிட்டுப் போய் எழுது, அன்றைய உன் ஆராதனை அந்த விடைத்தாள்தான். அரசு வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம். ஐ.டி.ஐ. படித்தவனுக்கு ஓசூரில் கதவு திறந்திருக்கிறது, அங்கே அண்ணன்மார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு போன் பண்ணு.

சபை மூப்பர்களே, உங்களையும் கேட்கிறேன். ஜெபக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் நீங்கள், வேலை அறிவிப்புகளை ஆலயச் சுவரில் ஒட்டக் கூடாதா? விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஆசிரியரை ஆராதனை முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார வைக்கக் கூடாதா? வேலை கிடைத்து வெளியூர் போன பிள்ளைகளின் போன் நம்பர்களை எழுதிவைத்து, அடுத்து போகிறவனுக்குக் கொடுக்கக் கூடாதா? கிணற்றுக்குச் சுவர் கட்டிய மனிதர் ஜெபித்த மலைகளில் ஒன்று உங்களுடையது.

தம்பி, பஸ் வந்துவிட்டது. வீட்டுக்குப் போ, சாப்பிடு, ஜெபி, தூங்கு. காலையில் முதல் பஸ்ஸில் கவரோடு இறங்கி வா. தருமபுரிக்குப் போய்ப் பயிலும் வட்டத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.