தீர்ப்புக்குப் பின்னும் ஒரு குரல்

குற்றவாளி என்று ஒருமுறை தீர்க்கப்பட்ட மனிதருக்காக மீண்டும் எழுந்து நின்று பேசுவது அறமாகுமா? மேல்முறையீட்டு வழக்குரைஞரின் வாழ்வுப் பாதை இக்கேள்வியோடு பிணைந்தே செல்கிறது. விசாரணை நீதிமன்றத்தில் சாட்சிகள் உண்டு. குறுக்கு விசாரணை உண்டு. மேல்முறையீட்டிலோ பெரும்பாலும் முன்னரே பதிவான ஏடுகளே உண்டு. "இவர் செய்தாரா?" என்பதைவிட, "இவருக்குத் தீர்ப்பளித்த முறை நேரியதா?" என்பதே அங்கு எழும் முதன்மையான வினா.

ஏப் ஃபோர்ட்டாஸ் என்பாரின் வாழ்வை எண்ணிப் பார்ப்போம். 1910-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, அரசுப் பணியாற்றி, பின்னர் வாஷிங்டனில் பெருநிறுவனங்களின் புகழ்மிக்க வழக்குரைஞரானார். 1962-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஏழைக் கைதிக்காக வாதாட அவரை நியமித்தது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற அக்கைதி, 1961-இல் புளோரிடாவில் ஒரு விளையாட்டுக்கூடத்தை உடைத்துப் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். வழக்குரைஞரை அமர்த்தப் பணமின்றித் தாமே வாதாடி, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து அவர் பென்சிலால் எழுதிய மனுவே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் திறந்தது.

ஃபோர்ட்டாஸ் இதற்கு ஊதியம் பெறவில்லை. கிடியன் குற்றமற்றவர் என்று நிறுவவும் அவர் முற்படவில்லை. பெயர்பெற்ற வழக்குரைஞர் கிளாரன்ஸ் டாரோவே தம்மீது வழக்கு வந்தபோது வேறு வழக்குரைஞரை நாடினாரென்றால், சட்டமறியா ஏழை எங்ஙனம் தனித்து நிற்பான் என்றே வாதிட்டார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இசைந்தனர். 1942-இல் அதே நீதிமன்றம் அளித்திருந்த மாறான தீர்ப்பு நீங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், வழக்குரைஞரின் துணையோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். முறையைக் காக்க எழுந்த குரல் உண்மைக்கும் வழி திறந்துவிட்டது.

1965-இல் ஃபோர்ட்டாஸ் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். மறு ஆண்டில், சட்டச் சிக்கலில் இருந்த ஒரு செல்வரின் அறக்கட்டளையிடமிருந்து 20,000 டாலர் பெற்று, அவ்வாண்டிலேயே திருப்பியளித்தார். இது வெளிப்பட்டபோது, 1969-இல் பதவி துறக்க நேர்ந்தது. ஏழைக்குக் கூலியின்றி வாதாடிய கை, நீதியிருக்கையில் இருந்தபோது வாங்கத்தகாததை வாங்கியது. ஆயினும் இவ்வீழ்ச்சி, அந்த ஏழைக்கு அவர் செய்த நன்மையை அழித்துவிடவில்லை. அந்நன்மை இவ்வீழ்ச்சியை மறைத்துவிடவும் இல்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை.

மனிதர் அளிக்கும் தீர்ப்பு தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்ட சமுதாயமே மேல்முறையீட்டுக்கு இடமளிக்கிறது. ஆகவே அதற்காகப் பேசுவோர் குற்றத்திற்குத் துணைபோவோர் அல்லர். நம் பொதுவான குறையுடைமையை நமக்கு நினைவூட்டுவோர். அயலாரையும் உறவினரையும் நாமும் நாள்தோறும் தீர்ப்பிடுகிறோம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு நாம் எழுதி முடித்த தீர்ப்புகள் எத்தனை! அவற்றை மீண்டும் திறந்து வாசிக்க நமக்கு மனம் உண்டா?